பிரேக் பிரஷர் ஸ்விட்ச்: மாற்றுவதற்கு முன் சோதியுங்கள்

பழைய கார்களில் பிரேக் ஆயிலின் அழுத்தமே ஸ்விட்சை இயக்கி பின்விளக்கை எரிய வைக்கும். இப்போதைய கார்களில் அந்த வேலையைப் பெடலுக்கு மேலே உள்ள ஸ்விட்ச் செய்கிறது. அழுத்தத்தை அளக்கத் தனி சென்சார். வந்த கேள்விகள் இந்த மூன்றைப் பற்றியும் இருக்கின்றன.

எங்கட பழைய மொரிஸ் மைனர் காரில் பிரேக்கை இறுக்கி மிதிச்சால்தான் பின் லைற் எரியுது. மெல்ல மிதிச்சால் எரியாது. பல்ப் மாத்தியும் பார்த்தாச்சு. (யாழ்ப்பாண வாசகர்)

பிரஷர் ஸ்விட்ச்தான். பல்ப் போயிருந்தால் எப்படி மிதித்தாலும் எரியாது. ஸ்விட்சுக்குள் ஒரு சவ்வு இருக்கிறது. ஆயில் அதைத் தள்ளும்போது இரண்டு தொடுமுனைகள் சேரும். முனைகள் தேய்ந்து கருத்துவிட்டால் லேசான அழுத்தம் போதாது.

சாவியை ஆன் செய்து, ஸ்விட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி, பாடியில் படாமல் ஒன்றோடொன்று சேருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் ஃபியூஸ், வயர், எர்த் (விளக்கை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) எல்லாம் சரி. மங்கலாக எரிந்தால் முதலில் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்து ஸ்விட்சின் இரு முனைகளிலும் பிடியுங்கள். இன்னொருவர் பெடலை மெதுவாக மிதிக்கட்டும். கால் எடுத்திருக்கும்போது தொடர்பே இருக்கக் கூடாது. லேசாக மிதித்ததுமே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். நடுவில் இருபது, ஐம்பது ஓம் என்று ஆடினால் மாற்ற வேண்டியதுதான்.

கழற்றினால் ஆயில் வழியும், காற்றும் புகும். புது ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மாட்டியதும் ஏர் எடுத்துவிடுங்கள். வழிந்த ஆயில் பெயின்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் வேகம் குறைப்பதே தெரியாது.

பிரஷர் ஸ்விட்சின் கப்ளரை (வயர் செருகும் இணைப்பை) கழற்றினால் உள்ளே ஆயில் ஈரம். துடைத்துவிட்டு மாட்டலாமா?

கூடாது. சவ்வு விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் ஃபோர்டு கார்களில், மிதித்ததும் குரூஸ் கன்ட்ரோலை (வேகத்தைத் தானே சீராக வைக்கும் வசதியை) நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சில் இதேதான் நடந்தது. ஆயில் மின்முனைப் பக்கம் கசிந்து, சாவியை எடுத்து நிறுத்திவைத்த வண்டிகள்கூடத் தீப்பிடித்தன. 1999 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதனால் ஈரம் பார்த்த அன்றே மாற்றுங்கள். வயர் பக்கத்துக் கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதையும் சேர்த்து.

காரை நிறுத்திய பிறகும் பிரேக் விளக்கு அணைவதில்லை, பாட்டரி இறங்கிவிடுகிறது. புது ஸ்விட்ச் போட்டும் அதே கதை.

டிரைவர் காலடியில் உள்ள விரிப்பைப் பாருங்கள். சின்னச் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துணுக்குகள் கிடக்கின்றனவா? பெடல் கம்பியில் ஸ்விட்சின் ஊசி முட்டும் இடத்தில் பொத்தான் மாதிரி ஒரு ஸ்டாப்பர் இருக்கும். வெயிலில் காய்ந்து அது உதிர்ந்துவிட்டால், ஊசி அந்த ஓட்டை வழியாக வெளியே நீண்டுவிடும். பெடலை மிதித்ததாகவே ஸ்விட்ச் எடுத்துக்கொள்ளும். டார்ச் அடித்து ஓட்டையைப் பார்த்து, ஸ்டாப்பரை மட்டும் மாற்றுங்கள். ஸ்விட்சில் குற்றமே இல்லை.

பட்டன் ஸ்டார்ட் கார். பிரேக்கை மிதித்தாலும் இன்ஜின் சுற்றவில்லை.

பெடலை மிதித்ததாக ஸ்விட்ச் சொன்னால்தான் இந்தக் கார்கள் ஸ்டார்ட் ஆகும். பின்னால் ஒருவரை நிறுத்தி விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கண்ணாடியில் உள்ள மூன்றாவது விளக்கும் எரியவில்லையென்றால் ஃபியூஸ், அப்புறம் ஸ்விட்ச். அது மட்டும் எரிந்தால் ஸ்விட்ச் வேலை செய்கிறது, கீழ் பல்புகளைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் வேறு.

ஸ்கேனரில் பி0504 என்ற பிழைக் கோட் வருகிறது. விளக்குகள் சரியாக எரிகின்றனவே?

பல ஸ்விட்சுகளில் இரண்டு தொடர்புகள் உண்டு. மிதித்தால் ஒன்று சேரும், மற்றது விலகும். இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் இந்தக் கோட் விழும். விளக்குக்கான தொடர்பு மட்டும் நன்றாக இருந்தால் போதாது, இரண்டையும் மீட்டரில் பாருங்கள்.

ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. பிரேக் பிரஷர் சென்சார் போய்விட்டது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும்) யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். பல கார்களில் சென்சார் யூனிட்டுக்குள்ளேயே இருப்பது உண்மைதான். ஆனால் கன்ட்ரோலர், சென்சார் சொல்வதைப் பிரேக் ஸ்விட்ச் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொய் சொல்வது ஸ்விட்சாக இருந்தாலும் பழி சென்சார் மேல் விழலாம். ஸ்கேனரில் நேரடி அளவைத் திறக்கச் சொல்லுங்கள். கால் எடுத்தால் அழுத்தம் பூஜ்யம் பார் அருகே நிற்க வேண்டும். மிதிக்க மிதிக்கச் சீராக ஏறி, விட்டதும் இறங்க வேண்டும். கூடவே ஸ்விட்ச் நிலையும் மிதித்த உடனே மாற வேண்டும். பூஜ்யம் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றால் ஸ்கேனரிலேயே காலிபரேஷன் (பூஜ்ய அளவைத் திருத்தி அமைப்பது) செய்து பாருங்கள். சென்சார் வெளியே தனியாக இருக்கும் காரென்றால் அதற்கு 5 வோல்ட் வருகிறதா என்றும் பார்க்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் அழுத்த அளவு துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ மட்டும் யூனிட் மாற்றச் சம்மதியுங்கள்.