பிரவுசர் திணறினால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்

கேள்வி: லேப்டாப் வாங்கி இரண்டரை வருடம்தான் ஆகிறது, 8 ஜிபி ரேம். கொஞ்ச நாளாக குரோம் திறக்கவே ஒரு நிமிடம் பிடிக்கிறது. டைப் அடித்தால் எழுத்து தாமதமாக விழுகிறது. சர்வீஸ் கடையில், "வைரஸ் ஏறிடுச்சு, ஃபார்மட் அடிச்சு மூணு வருஷ ஆன்டிவைரஸ் போடணும், 2,800 ஆகும்" என்கிறார்கள். கொடுக்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். என்ன வைரஸ், எந்த ஃபைலில் இருந்தது என்று அந்தக் கடையில் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத வைரஸுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. குரோமைத் திறந்து, ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே எஸ்கேப் பட்டனைத் தட்டுங்கள். குரோமுக்கென்றே இருக்கும் டாஸ்க் மேனேஜர் வரும். திறந்திருக்கும் ஒவ்வொரு டேபும், போட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோடு சேர்ந்து ஓடும் குட்டி மென்பொருள்) எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று அதில் வரிசையாகத் தெரியும். சிபியு என்ற தலைப்பை கிளிக் செய்தால் அதிகம் இழுப்பது மேலே வந்து நிற்கும். எதையும் மூடாமல் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் ஒரு எக்ஸ்டென்ஷன் மேலேயே உட்கார்ந்திருந்தால் அதுதான் ஆள். பெரும்பாலும் கூப்பன் தேடித் தருவது, வீடியோ டவுன்லோடு செய்வது, பிடிஎஃப் மாற்றித் தருவது என்று எப்போதோ ஒரு அவசரத்துக்குப் போட்டு மறந்ததாக இருக்கும். ஆன்டிவைரஸ் நிறுவனமே சேர்த்துவிட்ட 'சேஃப் பிரவுசிங்' எக்ஸ்டென்ஷனாகவும் இருக்கலாம்.

அப்புறம் அதே தளங்களை குரோமின் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதித்திருந்தால் தவிர, எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே வேகமாக இருந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, வேண்டாததை நீக்குங்கள். அங்கேயும் மெதுவாக இருந்தால் எட்ஜ் பிரவுசரில் பாருங்கள், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தும் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் பறந்தால் குறை வீட்டு வைஃபையில். எதிலும் மாற்றமில்லை என்றால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து (கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து) டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். அது 100 சதவீதத்திலேயே நின்றால், உள்ளே பழைய வகை ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படி இருந்தால் ஆன்டிவைரஸுக்குக் கேட்ட பணத்தை ஒரு எஸ்எஸ்டிக்கு (வேகமான புது வகை டிஸ்க்) கொடுப்பது எவ்வளவோ மேல்.

மெதுவாக இருக்கிறது என்றாலே வைரஸ் என்று சொல்வது நம் ஊர் கடைகளின் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலி இலவசப் பரிசோதனை செய்து தந்தது. சிஸ்டம் மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்பது போன்ற கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் அடித்தாலே மால்வேர் அறிகுறி இருப்பதாக அந்தப் பரிசோதனை காட்டியது என்பது குற்றச்சாட்டு. 2019-ல் அந்தக் கடையும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன.

கேள்வி: பிசி ஸ்பீடு பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் வகையறாவில் எது நல்லது? ஒன்று 799 ரூபாய்க்கு ஆஃபரில் வருகிறது. (சேலம் வாசகர்)

பதில்: எதுவும் வேண்டாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் சிஸ்டத்தில் 5 வைரஸ், உங்கள் சந்தா முடிந்துவிட்டது" என்று தினமும் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் கிளிக் செய்தேன். திரை முழுவதும் சிவப்பாகி சைரன் சத்தம் வந்தது. அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். தூரத்தில் இருந்தே என் சிஸ்டத்தை இயக்க எனிடெஸ்க் என்ற மென்பொருளைப் போடச் சொல்லி, சரிசெய்வதாகச் சொல்லி 18,000 ரூபாய் எடுத்துவிட்டார்கள். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. இந்த மாதிரி ஏமாற்றுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள். படித்தவர்கள், கம்ப்யூட்டர் தொழிலிலேயே இருப்பவர்கள் எல்லாம் மாட்டியிருக்கிறார்கள். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது அடுத்த வேலைகளுக்கு உதவும்.

இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் யார் கணக்குக்குப் போனதோ அங்கே அதை முடக்கி வைக்க முயற்சி செய்வார்கள், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகாரைப் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுத்தில் சொல்லுங்கள். நீங்கள் தகவல் சொன்ன பிறகும் கணக்கிலிருந்து பணம் போனால் அதற்கு வங்கியே பொறுப்பு என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

லேப்டாப்பில் இருந்து எனிடெஸ்க்கை நீக்குங்கள். நெட் பேங்கிங், மெயில் பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாமல், உங்கள் மொபைலில் இருந்து மாற்றுங்கள்.

மூலையில் வந்தது வைரஸ் எச்சரிக்கையே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது 'அலவ்' அழுத்தப்பட்டிருக்கும். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அவர்கள் அனுப்பும் விளம்பரம் அது. அடுத்த முறை வந்தால் அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஆன்டிவைரஸ் பெயர் இருக்கும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் கேள்விப்பட்டிராத ஒரு தளத்தின் முகவரி இருக்கும். அனுப்பியவர் அவர்தான். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாததை எல்லாம் நீக்குங்கள். இனி எந்தத் தளத்துக்கும் 'அலவ்' கொடுக்கவே தேவையில்லை. சிவப்புத் திரை மறுபடி வந்தால் எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பிரவுசரை மூடிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது.

கேள்வி: இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே? (கரூர் வாசகர்)

பதில்: இல்லை. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் தனித்தனியாகச் சோதிக்கும், ஒன்றை இன்னொன்று சந்தேகப்படும், சிஸ்டம் படுத்துவிடும். ஒன்றை நீக்குங்கள். லேப்டாப்போடு வந்து, சந்தா முடிந்து சும்மா கிடக்கும் டிரையலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது கிடக்கும் வரை விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் முழுதாக வேலைக்கு வராமலே இருக்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் 149 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' ஆன்டிவைரஸ் கீ வாங்கினேன். வாட்ஸ்அப்பில்தான் கீ அனுப்பினார்கள். நாலு மாதத்தில் செத்துவிட்டது. விற்றவர் பிளாக் செய்துவிட்டார். பில் இல்லை. பணத்தை எப்படி வாங்குவது? (மதுரை வாசகர்)

பதில்: வாங்க முடியாது தம்பி. முகவரி இல்லாதவரிடம், பில் இல்லாமல், வாட்ஸ்அப்பில் வாங்கியிருக்கிறீர்கள். ஆன்டிவைரஸ் என்பது தினமும் அப்டேட் வந்துகொண்டிருந்தால்தான் வேலை செய்யும், அதை ஆயுள் முழுக்க 149 ரூபாய்க்கு யார் தருவார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டாமா? இப்படி வருவதெல்லாம் பல பேருக்கு ஒரே கீயை விற்பது, வேறு நாட்டுக்கான கீயை இங்கே விற்பது, நிறுவனத்துக்காக வாங்கியதைத் துண்டு போட்டு விற்பது. கம்பெனி கண்டுபிடித்ததும் கீயை ரத்து செய்துவிடும்.

பில் இருந்தால் கதையே வேறு. சீல் வைத்த பெட்டியில் மூன்று சிஸ்டத்துக்கான ஒரு பாக்கெட்டை நானும் ஒரு கடையில் வாங்கினேன். வீட்டில் வந்து கீயை அடித்தால், ஏற்கெனவே இரண்டு சிஸ்டத்தில் போடப்பட்டுவிட்டது என்கிறது. உள்ளே கீயை மறைத்திருக்கும் சுரண்டும் பகுதி லேசாக உரிந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. கடைக்காரர் கையை விரித்தார். பில்லில் தேதியும் பாக்கெட்டின் சீரியல் எண்ணும் இருந்ததால் கம்பெனிக்கே அனுப்பி மாற்று கீ வாங்க முடிந்தது. அதனால் பெட்டியாக வாங்குகிறவர்கள் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சுரண்டும் பகுதியைக் கடையிலேயே, அவர் கண் முன்னால் திறங்கள்.

கேள்வி: போன வருடம் 899 ரூபாய்க்கு ஒரு ஆன்டிவைரஸ் எடுத்தேன். இந்த மாதம் கேட்காமலே கார்டில் இருந்து 3,299 எடுத்துவிட்டார்கள். இது சட்டப்படி சரியா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: எனக்கு ரத்தம் கொதிக்கும் விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்தத் தொழிலில் பல நிறுவனங்கள் முதல் வருடத்தை நஷ்டத்துக்கு விற்கின்றன. லாபம் இரண்டாம் வருடத்தில், நாம் மறந்திருக்கும் நேரத்தில் வருகிறது. பணம் கட்டும் பக்கத்தில் 899 என்பது பெரிதாக, பச்சையில் இருக்கும். 'அடுத்த ஆண்டு முதல் வழக்கமான விலையில் தானாகப் புதுப்பிக்கப்படும்' என்ற வரி சாம்பல் நிறத்தில், பட்டனுக்குக் கீழே, போனில் பார்த்தால் திரைக்கு வெளியே இருக்கும். அந்த 'வழக்கமான விலை' எவ்வளவு என்று அதே வரியில் எழுதாத நிறுவனங்களும் உண்டு. பாதுகாப்பு விற்கிறோம் என்று வருகிறவர்கள் நம் பர்ஸிலேயே இப்படிக் கை வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் பக்கம் விதிகள் இருக்கின்றன. தானாகப் பணம் எடுப்பதற்கு 2021 அக்டோபரில் இருந்து ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, எவ்வளவு தொகை, யாருக்கு என்று உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அதிலேயே வேண்டாம் என்று நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வந்ததா என்று போனில் தேடுங்கள். வரவில்லை என்றால் வங்கியிடமே புகார் கொடுங்கள். அடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவதும், மென்பொருள் சந்தாவில் சொல்லாமல் பணம் பறிப்பதும், போலி வைரஸ் பயம் காட்டி மென்பொருளைத் தலையில் கட்டுவதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன.

நிறுவனத்துக்கு இன்றே மெயில் அனுப்புங்கள். புதுப்பித்த பிறகும் குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று பெரிய நிறுவனங்கள் பலவற்றின் விதியிலேயே இருக்கிறது, கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

இனி எதை வாங்கினாலும், வாங்கிய அன்றே அக்கவுன்டுக்குள் போய் ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள். ஒரு வருடப் பாதுகாப்பு அதனால் குறையாது.

கேள்வி: டிஃபெண்டரே போதுமா? குவிக் ஹீல், கே7, இலவச அவாஸ்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டில் ஒரு லேப்டாப், கடையில் டேலி ஓடும் நான்கு சிஸ்டம். (விருதுநகர் வாசகர்)

பதில்: வீட்டு லேப்டாப்புக்கு டிஃபெண்டர் போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருகிறது, தனிக்காசு கிடையாது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளில் காசு கொடுத்து வாங்குபவற்றுக்கு இணையாக நிற்கிறது. விண்டோஸ் அப்டேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒருமுறை சோதித்துப் பார்க்க, மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

இலவசம் என்றால் என்ன விலை என்று பார்க்க வேண்டும். அவாஸ்ட், தன் பயனர்கள் எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்து, விளம்பரத்துக்காக அப்படி விற்கவும் தடை போட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்குத் தாவினாலும் பணம் ஒரே கல்லாவுக்குத்தான் போகிறது.

கடைக்கு மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். நான்கு சிஸ்டத்தையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்க, ஊழியர் பென்டிரைவ் செருகுவதைத் தடுக்க அது உதவும். கே7 சென்னை நிறுவனம், குவிக் ஹீல் புனே நிறுவனம். பிரச்சினை என்றால் நேரில் வந்து பார்க்கும் டீலர் உங்கள் ஊரில் யாருக்கு இருக்கிறாரோ அதை எடுங்கள். ஆனால் டேலி டேட்டாவை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டிவிட்டால் எந்த ஆன்டிவைரஸும் திருப்பித் தராது. தினமும் கடை அடைக்கும் முன் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் பேக்கப் எடுத்து, டிஸ்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கேள்வி: விண்டோஸ் 7 சிஸ்டம். குரோம் அப்டேட் ஆக மாட்டேன் என்கிறது, பேங்க் தளங்கள் திறப்பதில்லை. நல்ல ஆன்டிவைரஸ் போட்டால் சரியாகுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஆகாது. விண்டோஸ் 7-க்கான கடைசி குரோம் 109, அது 2023-லேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஒரு வருட நீட்டிப்பு. அதனால் செலவு செய்தால் விண்டோஸ் 11 ஏறக்கூடிய சிஸ்டத்துக்குச் செய்யுங்கள். பிரவுசர் மட்டும் போதும் என்றால் எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம், அது இலவசம். அதுவரை அந்த விண்டோஸ் 7-ல் நெட் பேங்கிங் வேண்டாம்.

கேள்வி: குரோமை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. (திருச்சி வாசகர்)

பதில்: ஜிமெயிலில் லாகின் செய்ததும் சிங்க் (கணக்கில் சேமித்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவரும் வசதி) வழியாகப் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் திரும்பி வந்திருக்கும். முதலில் எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள், அப்புறம் செட்டிங்ஸில் ரீசெட் செய்யுங்கள். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.