வரப்பில் நிற்கிற மடையான் கொக்கு எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

தொழில் கண் பரிசோதனை. லீவு கிடைத்தால் கோடியக்கரையில் பறவை பார்ப்பேன். மறைந்திருப்பது சிலர் கண்ணுக்கு மட்டும் படுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

அண்ணே, வரப்பில் நிற்கும் மடையான் என் மனைவிக்கு உடனே தெரிகிறது. எனக்குப் பறந்தால்தான் தெரிகிறது. கண்ணில் கோளாறா? (மன்னார்குடி)

பறந்தால் யாருக்கும் தெரியும் தம்பி, சிறகு வெள்ளை. நிற்கும்போது பழுப்பு முதுகும் கழுத்துக் கோடுகளும் சேற்றோடு சேர்ந்துவிடும். பெரும்பாலும் பழக்கம்தான். வீட்டம்மாவிடம் எங்கே பார்க்கிறார் என்று கேளுங்கள்.

என் பையனுக்குச் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாது. வயலில் பாம்பைக் கவனிக்காமல் விட்டுவிடுவானோ? (திருவாரூர்)

இலைக்குள் பழுத்த மிளகாயைத் தேடச் சொன்னால் திணறுவான். ஆனால் 1992-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கோடுகளின் அமைப்பில் ஒளிந்திருந்த உருவத்தின் மேல் சிவப்பும் பச்சையும் தாறுமாறாகப் பூசியிருந்தது. நிறம் நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த வண்ணத்தில் ஏமாந்தார்கள். நிறக்குறைபாடு உள்ளவர்கள் கண்டுபிடித்தார்கள். பையனிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் வைக்கோலில் கிடக்கும் கண்ணாடி விரியன் விஷயத்தில் எந்தக் கண்ணையும் நம்பாதீர்கள். பூட்ஸ், கம்பு, ராத்திரியில் டார்ச் வேண்டும்.

களை எடுக்கும் அக்காமார் நெல்லுக்குள் குதிரைவாலிப் புல்லை எப்படி அவ்வளவு வேகமாகப் பிடுங்குகிறார்கள்? அது பிறவித் திறமையா? (பாபநாசம்)

இல்லை. பலருக்கு என்னிடம் வந்தால் கண்ணாடியே எழுத வேண்டியிருக்கும்! நெல்லில் இலையும் தண்டும் சேரும் இடத்தில் மெல்லிய சவ்வு, சின்னக் காது மாதிரி ஒன்று இருக்கும். குதிரைவாலிக்கு இரண்டும் கிடையாது. அதைக் குனிந்து குனிந்து பார்த்தால் பொழுது போய்விடும். இலையின் வெளுத்த நடுநரம்பு, தூர் விரியும் விதம், எல்லாம் சேர்ந்து ஒரே பார்வையில் பட்டுவிடுகிறது. எதைப் பார்த்தீர்கள் என்றால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் புல் நெல் வேஷம் போடக் காரணமே களை எடுப்பவர்களின் கண்தான். வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். நெல் மாதிரி நின்றது தப்பி விதை போட்டது, தலைமுறை தலைமுறையாக. ரஷ்ய விஞ்ஞானி வாவிலோவின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள்.

அப்பா கண் சோதனையில் எழுத்தெல்லாம் படித்துவிடுகிறார். வாய்க்காலில் நண்டு மட்டும் தெரியவில்லை என்கிறார். (திருத்துறைப்பூண்டி)

அட்டையில் வெள்ளை மேல் கறுப்பு எழுத்து. வாய்க்காலில் சேறு மேல் சேற்று நிறம். ஆரம்பக் கண்புரையில் இப்படி நடக்கும், காட்டிவிடுங்கள். வெயிலில் கண் கூசுகிறது என்கிறாரா?