வர்க்கியைக் கண்டு நடுங்கியது யார்?

கேள்வி: என் மகள் தொட்டபெட்டாவையும் 'ஆசம்' என்கிறாள், ஊட்டி வர்க்கியையும் 'ஆசம்' என்கிறாள். இந்த இங்கிலீஷ் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?
– கோத்தகிரி வாசகி

பதில்: தொட்டபெட்டாவை விடுங்கள். 2,637 மீட்டர் உயரம், யார் என்ன சொன்னாலும் தாங்கும். எந்தக் கடை வர்க்கி என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! விறகடுப்பில் வெந்த வர்க்கி, விரல் பட்டதும் அடுக்கடுக்காக உதிர வேண்டும். டீயில் முக்கினால் மூன்று எண்ணுவதற்குள் வாய்க்குப் போக வேண்டும்; நான்கு எண்ணினால் டம்ளரின் அடியில் கஞ்சி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் இது. ரஸ்க்குக்கு அண்ணன் மாதிரி எதையோ பையில் அடைத்து 'ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். இதே பக்கத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். ஒரு கடைக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சரி, ஆசம். அதன் முன்பாதி 'ஆ', வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியின் 'அகி'யோடு உறவுள்ளது, பொருள், அச்சம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த இந்தச் சொல் முதலில் பயபக்தி நிறைந்தவரைக் குறித்தது. பயபக்தியை உண்டாக்குவதற்கு ஆனது அப்புறம்தான். கூடப்பிறந்த 'ஆஃபுல்' மோசம் என்ற பொருளுக்குப் போய்ச் சேர, இது போன நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இளசுகளின் வாயில் விழுந்து 'சூப்பர்' ஆகிவிட்டது.

மகளைத் திட்டாதீர்கள். நாம் மட்டும் என்ன, 'பாயசம் பயங்கரம்' என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பதில்லையா? 'பிரமாதம்' வடமொழியில் கவனக்குறைவு, தவறு. எங்கள் பழைய பிழைதிருத்துநர் என் தலையங்கத்தைப் படித்துவிட்டுப் 'பிரமாதம் சார்' என்பார். வடமொழி நன்றாகத் தெரிந்தவர். எந்தப் பொருளில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

போன மாதம் தொட்டபெட்டா போயிருந்தேன். மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் சோளம் கடித்தபடி சளசளத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பனி விலகியது. காலடியில் அத்தனை பள்ளம். ஒருத்தி தோழியின் ஸ்வெட்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடித்த சோளம் வாயிலேயே நின்றது. உங்கள் சொல்லின் பழைய பொருள் அந்தப் பத்து நொடிதான். அப்புறம் சோளத்தை விழுங்கிவிட்டு 'ஆசம்!' என்றாள். செல்ஃபி எடுத்தார்கள்.

வர்க்கிக் கடையின் பெயரை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.