கடைக்காரர் சொன்ன 180 லீற்றர் எங்கே போனது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு மீன் தொட்டி வாங்கினோம். வெளிப்பக்கம் நீளம் 90, அகலம் 45, உயரம் 45 சென்ரிமீற்றர், கண்ணாடி 8 மில்லிமீற்றர் தடிப்பு. 180 லீற்றர் பிடிக்கும் என்றார் கடைக்காரர். அடியில் கல் பரப்பிவிட்டு 10 லீற்றர் வாளியால் ஊற்றினோம், 14 வாளியோடு போதுமாகிவிட்டது. இப்போது மீன்களில் வெள்ளைப் புள்ளி. மருந்துப் போத்தலில் 50 லீற்றருக்கு 5 மில்லி என்று இருக்கிறது. எந்தக் கணக்கில் விடுவது?

பதில்: வாளிக் கணக்கில் விடுங்கள், 14 மில்லி. 180ஐ நம்பி 18 மில்லி விட்டிருந்தால் நோயோடு கிடக்கும் மீனுக்கு மருந்தே பாரமாகியிருக்கும். மருந்து விடும் முன் வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 90, 45, 45 மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 182 வரும், ஆனால் அது கண்ணாடியையும் சேர்த்த கணக்கு. பக்கத்துக்கு 8 மில்லிமீற்றராக இரண்டு பக்கமும் கழித்தால் உள்நீளம் 88.4, உள்ளகலம் 43.4; அடிக்கண்ணாடி போக உயரம் 44.2. அப்போதே 170 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகிவிடும். விளிம்புவரை யாரும் நீர் விடுவதில்லை, தரையிலிருந்து 40 சென்ரிமீற்றர் என்றால் 153தான். அப்புறம் கல். ஒரு லீற்றர் சரளையை ஒரு பாத்திரத்தில் போட்டு நீர் ஊற்றிப் பாருங்கள், கிட்டத்தட்ட 400 மில்லி இடுக்குகளுக்குள் இறங்கும், மீதி கல்லே பிடித்த இடம். 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பியிருந்தால் உங்கள் தொட்டியில் அது பதினொன்று பன்னிரண்டு லீற்றர். கழித்தால் 142, உங்கள் 14 வாளிக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

வாளியை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். 10 லீற்றர் என்பது பெரும்பாலும் வாய்விளிம்புவரை, நாமோ சிந்தாமல் தூக்க இரண்டு விரல் குறைத்துத்தான் எடுப்போம். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் ஆறு தடவை ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டால் அது 9 லீற்றர். அடுத்த முறை நிரப்பும்போது அந்தக் கோடுவரை எடுத்து, வாளிக்கு ஒரு கோடாகச் சுவரில் வெண்கட்டியால் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள் மகனிடம். உருண்டைத் தொட்டி, முன்பக்கம் வளைந்த தொட்டி எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

தொட்டியை எதன்மேல் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. நீர் மட்டும் 140 கிலோவுக்கு மேல், கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 200 கிலோ வந்துவிடும். சாதாரண எழுதுமேசை அதைத் தாங்காது. கடல்நீர் என்றால் லீற்றருக்கு ஒரு கிலோவைவிட இன்னும் சற்றுக் கூடும்.

இனி வாராவாரம் நீர் மாற்றும்போது இதையெல்லாம் திரும்பப் பெருக்க வேண்டாம். உங்கள் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 3.8 லீற்றர் போயிருக்கிறது. கண்ணாடியில் அடிமட்டத்தைப் பிடித்து 10 சென்ரிமீற்றர் இறங்கும்வரை எடுத்தால் 38 லீற்றர், கால் பங்குக்குச் சற்று மேல். குழாய்நீரைத் திரும்ப விடுவதானால் குளோரின் நீக்கும் மருந்தையும் அந்த 38க்கு அளந்து விடுங்கள்.