கறுப்புக் கோட்டைக் கழற்றினால் கவிதை வருமா?

கேள்வி: மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக ஜூனியர் வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் வாடகை வழக்குகள். கல்லூரி நாள்களிலிருந்து கவிதை எழுதுகிறேன். சீனியர் பார்த்தால் சிரிக்கிறார். அமெரிக்கக் கவிஞர் மார்ட்டின் எஸ்பாடா வழக்கறிஞர் தொழிலை விட்டுப் பேராசிரியர் ஆனவர் என்று படித்தேன். நானும் தொழிலை உதறிவிட்டு எம்.ஏ. தமிழ் படித்துப் பேராசிரியர் ஆனால், கவிதைக்கு நேரம் கிடைக்கும் அல்லவா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு, எஸ்பாடாவைத் தேடிப் படிக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர் வாழ்க்கையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டியிருக்கிறீர்கள்.

1957-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், புவேர்ட்டோ ரிக்கோ குடும்பத்தில் பிறந்தவர் அவர். அப்பா ஃபிராங்க் எஸ்பாடா புகைப்படக் கலைஞர், ஏழை மக்களைத் திரட்டிப் போராடியவர். 1949-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பஸ்ஸின் பின்பகுதிக்குப் போக மறுத்ததற்காகச் சிறைக்குப் போனவர். அந்த வீட்டுப் பிள்ளை சட்டம் படிக்கப் போனதில் வியப்பென்ன?

அதற்கு முன்பே, பதினாறு வயதில், பள்ளிவிட்டதும் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போனார். வழக்கறிஞர்கள் குறிப்பெழுதும் மஞ்சள் தாள்களை அடுக்கிப் பசை தடவிக் கட்டுகளாக ஒட்டும் வேலை. கையுறை கிடையாது. தாளின் விளிம்பு கீறிய விரல்களில் பசை பட்டால் எரியும். பத்து ஆண்டுகள் கழித்துச் சட்டக் கல்லூரியில் அதே மஞ்சள் தாளைப் பயன்படுத்தும்போது, அந்தக் கட்டுகளை ஒட்டிய கைகளின் எரிச்சல் அவருக்கு நினைவில் இருந்தது. அவருடைய பெயர்பெற்ற கவிதைகளில் ஒன்று அதைப் பற்றியது. அச்சகத்தை மட்டும் அறிந்தவராலோ சட்டக் கல்லூரியை மட்டும் அறிந்தவராலோ அதை எழுதியிருக்க முடியாது.

1985-இல் சட்டப் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டனை ஒட்டிய செல்சி நகரத்தில், ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடியிருப்பாளர்களுக்காக நீதிமன்றம் ஏறினார். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள், உறையும் குளிரில் வெப்பமூட்டி இயங்காத வீடுகள்: கிட்டத்தட்ட உங்கள் வேலைதான். ‘இருமலும் செத்துப்போன வெப்பமூட்டிகளும் நிறைந்த நகரம்’ (City of Coughing and Dead Radiators) என்ற தலைப்பிலேயே 1993-இல் ஒரு கவிதை நூல் வந்தது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் அவர் ஆசிரியராகச் சேர்ந்ததும் அதே 1993-இல்தான். அதற்குள் 1982, 1987, 1990 ஆகிய ஆண்டுகளில் மூன்று கவிதை நூல்கள் வந்துவிட்டன. அவர் முறையாகப் படித்தவை வரலாறும் சட்டமும். நூல்கள் முதலில், நாற்காலி பிறகு. தேசிய நூல் விருது கிடைத்தது 2021-இல், அறுபது வயதைக் கடந்த பின்.

இன்னொன்று. அமெரிக்காவில் கவிஞரைக் கவிதை கற்பிக்கவே பல்கலைக்கழகங்கள் பணியமர்த்துகின்றன. இங்கே எம்.ஏ., நெட் அல்லது செட் என்னும் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு, பெரும்பாலும் முனைவர் பட்டமும் என்று வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் கவிதையை யாரும் கேட்கப் போவதில்லை. வேலை கிடைத்தாலும் விடைத்தாள் திருத்தலும் துறைக் கூட்டங்களும் மாலைகளைத் தின்றுவிடும். பேராசிரியர்களுக்கு ஓய்வு நேரம் அதிகம் என்பது பேராசிரியர் அல்லாதவர்கள் பரப்பிய வதந்தி.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். மாணவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சீனியர் சிரிப்பது இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது வகுப்பறையா, அந்தச் சீனியரின் அறையிலிருந்து விடுதலையா? இரண்டாவது என்றால் சீனியரை மாற்றுங்கள், அது எம்.ஏ.வைவிட விரைவில் முடியும். கற்பிப்பதில் உண்மையாகவே ஆசை என்றால் சட்ட மேற்படிப்பான எல்.எல்.எம். முடித்து நெட் எழுதுங்கள். சட்டக் கல்லூரியில் உங்கள் மூன்று ஆண்டு அனுபவத்துக்கு மதிப்பிருக்கும்.

அதுவரை, வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வரும் கட்சிக்காரர் படிக்கட்டில் என்ன சொன்னார், வீட்டைக் காலி செய்யும்போது எதை முதலில் எடுத்தார் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். பிராதில் இடம் பெறாதவை அவை. ஒரே நிபந்தனை: அவரை அடையாளம் காட்டும் பெயர், ஊர், தெரு, வழக்கு எண் எதுவும் கவிதையில் வரக் கூடாது. அவர் உங்களை நம்பிச் சொன்னதை வெளியிடாமல் காப்பது உங்கள் தொழிலின் கடமை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் கவிதையை எங்கும் வெளியிடவும் வேண்டாம்.

எம்.ஏ. தமிழ் மீது ஆசை மிச்சமிருந்தால் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து படியுங்கள். சீனியரிடம் சொல்லத் தேவையில்லை.