வேம்பா, சிரிங்காவா?

கேள்வி: டர்பனில் எங்கள் வேலியோரம் தானாக முளைத்த வேம்பின் கொழுந்தை அரைத்து, வயிற்றுப் பூச்சிக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இங்கே தானாக முளைப்பது பெரும்பாலும் சிரிங்கா, அதாவது வேம்பைப் போலவே தோன்றும் வேறொரு மரம். உண்மையான வேம்பு அரிது. இலையைப் பாருங்கள். வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் இருக்கும். சிரிங்காவில் ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரியும், சிற்றிலைகள் அவற்றில்தான். வேம்பின் பூ வெள்ளை, பழம் நீள்வட்டம். சிரிங்காவின் பூ இளம் ஊதா. அதன் உருண்டை மஞ்சள் பழங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகும் தொங்கும். அந்தப் பழம் நஞ்சு: வாந்தி, வயிற்றுப்போக்கு, வலிப்புகூட வரும்.

மாரியம்மன் பூசைக்குக் கொத்துக் கட்டி விற்பவர்கள் அதே இலையை மருந்துப் பொடியாக்கி விற்கவே கூடாது. அசல் வேப்பெண்ணெயும் குழந்தைகளுக்கு ஆபத்துதான். பூச்சிக்குக் கிளினிக்கில் மாத்திரை கேளுங்கள்.