கென்ஷர் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

கே: ஹான்ஸ்-டீட்ரிச் கென்ஷர் எவ்வளவு காலம் ஜெர்மன் (1990 வரை மேற்கு ஜெர்மன்) வெளியுறவு அமைச்சர்?
ப: 1974 முதல் 1992 வரை. 1982இல் மட்டும் நடுவே இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் பதவியில் இல்லை.

கே: பிராக் பால்கனியில் அப்படி என்ன பேசினார்?
ப: 1989 செப்டம்பர் 30, மாலை. செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில், மேற்கு ஜெர்மன் தூதரகத் தோட்டத்தில் சுமார் 4000 கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்கே போக வழி தேடி, கைக்குழந்தைகளோடு, சேற்றில் கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்தார்கள். 'நீங்கள் இன்று புறப்பட...' என்று அவர் ஆரம்பித்ததும் எழுந்த கூச்சலில் மீதி வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. என்னை உருக்குவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். ரயில் கிழக்கு ஜெர்மனி வழியாகத்தான் போகும் என்றதும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது, நடுவழியில் இறக்கிவிட்டால் என்ன செய்வது? நான் பொறுப்பு என்று அவரே வாக்குக் கொடுத்தார். அவரும் கிழக்கு ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்கத்துக்காரர், 1952இல் அங்கிருந்து தப்பி வந்தவர். மாரடைப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கே: அன்றுதானே பெர்லின் சுவர் விழுந்தது?
ப: இல்லை. சுவர் திறந்தது நவம்பர் 9. தேதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கே: 1982இல் கூட்டணிப் பிரதமர் ஷ்மிட்டைக் கைவிட்டு எதிர்க்கட்சியின் கோலோடு சேர்ந்தது துரோகம் இல்லையா?
ப: கென்ஷரின் கட்சியிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள். பொதுச் செயலாளர் ஃபெர்ஹோய்கனே விலகி ஷ்மிட்டின் கட்சிக்குப் போனார்.

கே: குரோஷியாவை அவசரமாக அங்கீகரித்து யூகோஸ்லாவியப் போரை மூட்டியவர் அவர்தானே?
ப: மறுபடியும் தேதி! ஸ்லோவேனியாவில் சண்டை தொடங்கியது 1991 ஜூன், குரோஷிய நகரம் வுகோவார் விழுந்தது நவம்பர், ஜெர்மனி அங்கீகரித்தது டிசம்பர். எரிகிற வீட்டுக்கு அவர் தீ வைக்கவில்லை.

கே: அப்படியானால் போஸ்னியா? நழுவாதீர்கள்.
ப: நழுவவில்லை. குரோஷியா சிறுபான்மையினருக்குத் தரும் பாதுகாப்பு போதாது என்று ஐரோப்பிய சமூகம் அமைத்த சட்ட நிபுணர்களின் பதான்தேர் குழு சொல்லவிருந்த நேரத்தில், அதற்குக் காத்திராமல் முந்திக்கொண்டது தவறு. அடுத்து யூகோஸ்லாவியாவின் இன்னொரு குடியரசான போஸ்னியா என்ன ஆகும், அங்கும் போர் பரவுமா என்று யோசிக்காதது அதைவிடப் பெரிய தவறு. எனக்கு அவரைப் பிடிக்கும், இருந்தாலும் இதை மறைக்க மாட்டேன்.

கே: பால்கனியில் என்ன சொன்னார்?
ப: மேலே இருக்கிறது, படியுங்கள்.

கே: இப்போதைய ஜெர்மன் வெளியுறவுக் கொள்கை பற்றி?
ப: அதைத் தொடர்ந்து படிப்பவரிடம் கேளுங்கள்.

கே: மியூனிக் ஒலிம்பிக் சமயத்தில் அவர் எங்கே இருந்தார்?
ப: 1972இல் உள்துறை அமைச்சர். இஸ்ரேல் வீரர்களை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கடத்தியவர்களிடம் நேரில் கேட்டார், அவர்கள் ஒப்பவில்லை. உள்ளே போய்ப் பிணைக்கைதிகளையும் பார்த்தார். அவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை; தொடக்கத்திலேயே கொல்லப்பட்டவர்களோடு சேர்த்து இஸ்ரேல் அணியில் 11 பேர் இறந்தார்கள். அந்த மாதமே கமாண்டோ படை ஒன்றை அமைக்கச் சொன்னார். மியூனிக்கில் அவர் கூடவே இருந்த அதிகாரி வேகெனர்தான் அதன் முதல் தளபதி.